டஜன் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு உற்பத்திக் கணக்குச் செயலி செய்துகொண்டிருந்தோம். எங்கள் டீம் கோவை சரவணம்பட்டியில்; திரைகளை வரையும் டிசைனர் நான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலை; முடிவில் செய்ததைக் காட்டும் டெமோ. நான்காவது டெமோவில் முதலாளி தலையாட்டினார், வேலைப் பட்டியல் போர்டில் எல்லா அட்டையும் 'முடிந்தது' பக்கம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் நேரில் போனேன். செக்கிங் மேஜையோரம் டேப்லெட் சார்ஜில் கிடந்தது. சூப்பர்வைசர் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, இதுல போடறதில்லீங்களா?"

"சாயங்காலம் ஆபீஸ்ல பையன் ஏத்திக்குவான் கண்ணு. நாங்க டஜன்ல எண்ணறோம், உங்க பொட்டி பீஸ் கேக்குது. பெருக்கிப் போடறதுக்குள்ள அடுத்த கட்டு வந்துருது."

டஜன். அவ்வளவுதான் விஷயம். எட்டு வாரமாக எங்களில் ஒருவர்கூட அந்த மேஜை பக்கம் போய் நிற்கவில்லை. நான் போயிருக்க வேண்டும். ஆனால் டெவலப்பர்கள் புரோகிராம் எழுத உட்காரும் அதே திங்கட்கிழமைதான் நானும் திரை வரைய உட்காருவேன். அவர்கள் சும்மா இருக்கக் கூடாதே என்று மதியத்துக்குள் எதையாவது வரைந்து கொடுத்துவிடுவேன்.

இப்படிச் சிறு சிறு சுற்றுகளாக மென்பொருள் செய்வதை அஜைல் என்பார்கள். 2001இல் வந்த அஜைல் அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று, ஓடுகிற மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. எங்கள் செயலி ஓடத்தான் செய்தது! வணிகத் தரப்பும் டெவலப்பர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றும் அதில் உண்டு. எங்களுக்கு வணிகத் தரப்பு என்றால் முதலாளி. அவர் பீஸ் எண்ணிப் பல வருஷம் ஆகிறது.

ஆட்டோடெஸ்க் மென்பொருள் நிறுவனத்தில் இருந்த டெசிரே சை 2007இல் எழுதிய முறையைப் பிறகு எடுத்துக்கொண்டோம். டெவலப்பர்கள் இந்த ஸ்பிரிண்ட் வேலையைக் கட்டும்போது, டிசைனர் அடுத்த ஸ்பிரிண்டுக்கான திரையை வரைந்து ஆட்களிடம் காட்டிப் பார்ப்பார். போன ஸ்பிரிண்டில் கட்டியதையும் சோதிப்பார். இதில் ஒரு வம்பு உண்டு. டிசைனர் தனியாக முன்னே ஓடி, படத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் பழைய குருடி கதைதான். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு டெவலப்பரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சனிக்கிழமை மட்டும் போவதில்லை. சம்பள நாள், யாரும் நின்று பேச மாட்டார்கள்.

எத்தனை பேரிடம் காட்டுவது? ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. செக்கிங்கும் பேக்கிங்கும் வேறு வேறு. இரண்டிடத்திலும் காட்ட வேண்டும். 'முடிந்தது' என்பதற்கான எங்கள் நிபந்தனைகளில் ஒரு வரியும் சேர்ந்தது: அங்கே வேலை செய்யும் ஒருவர், நாங்கள் வாய் திறக்காமல், அந்தத் திரையில் தன் வேலையை முடித்திருக்க வேண்டும்.

டஜனுக்கு ஒரு கட்டம், மிச்ச பீஸுக்கு ஒரு கட்டம் என்று திரையை மாற்ற அரை நாள்தான் பிடித்தது. அக்கா நோட்டை மூடி வைக்க மூன்று மாதம் ஆனது. ஆட்களின் கூலி அந்தக் கணக்கில் அல்லவா இருக்கிறது.