சீஷன்: சொல் விளக்கம்

சிஷ்யன் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. "அவரோட சிஷ்யப்பிள்ளை" என்று அரசியல்வாதி முதல் சமையல் மாஸ்டர் வரை சொல்கிறோம், பாதி கேலியாகவே. சீடன் கொஞ்சம் ஏட்டுச் சொல். சீஷன் மட்டும் தேவாலயத்தின் காம்பவுண்டைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. கிறிஸ்தவரல்லாத நண்பரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், ஏதோ அச்சுப்பிழை என்றுகூட நினைக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே சொல்தான்.

மூலம் வடமொழியின் சிஷ்ய. தமிழ் நாக்கு இதை இரண்டு படியாக மாற்றியிருக்கிறது. முதலில் யகரம் உதிர்ந்து, அதற்கு ஈடாக முதல் எழுத்து நீண்டு சீஷன் ஆகிறது. அடுத்து ஷகரமும் போய் டகரம் வர, சீடன். விஷம் விடமானதும் வேஷம் வேடமானதும் இதே வழியில்தான். ஆக, சீஷன் பாதி வழியில் நின்றுவிட்ட சொல். அதை அங்கேயே நிறுத்தி வைத்தது வேதாகமத் தமிழ். 1871-ல் வெளியான, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பைத்தான் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் பெரும்பாலும் இன்றும் வாசிக்கின்றன. அதில் எங்கும் சீஷன்தான். 1995-ல் வந்த திருவிவிலியம் என்னும் புதிய மொழிபெயர்ப்பு சீடர் என்று எழுதுகிறது.

சொல்லின் உள்ளே போனால் ஒரு சுவாரசியம். சிஷ்ய என்பதன் வேர் 'சாஸ்': போதி, கண்டி, ஆள் என்று பொருள். சாஸ்திரம், சாசனம் எல்லாம் இந்தக் குடும்பம். எனவே சிஷ்யன் என்றால் 'போதிக்கப்பட வேண்டியவன்'. குருவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வைத்த பெயர் இது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான மத்தேத்தேஸ் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறது. 'மந்தானோ', அதாவது 'கற்கிறேன்' என்ற வினையிலிருந்து வந்த அதற்கு 'கற்பவன்' என்றுதான் பொருள். கணிதத்தைக் குறிக்கும் மேத்தமேட்டிக்ஸும் இதே வேரில் முளைத்தது (கணக்கில் தோற்றவர்கள் கவலைப்பட வேண்டாம், இயேசுவின் சீஷரான பேதுரு மீன் பிடித்தவர்). எபிரேயத்தில் தல்மீத், அதுவும் கற்றல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்ததே.

ஆனால் கற்பவன் என்றதும் நாம் பெஞ்சையும் நோட்டுப் புத்தகத்தையும் நினைத்துக்கொள்கிறோம். அன்றைய கற்றல் வேறு மாதிரி. போதகரோடு நடப்பது, அவர் சாப்பிடும் இடத்தில் சாப்பிடுவது, அவர் கோபப்படுவதையும் ஜெபிப்பதையும் பக்கத்திலிருந்து பார்ப்பது. நம் ஊரில் இதற்குச் சரியான படம் பள்ளிக்கூடத்தில் இல்லை, தையற்கடையில் இருக்கிறது. காஜா எடுக்கப் பையன் ஒருவன் வருவான். யாரும் அவனுக்குப் பாடம் நடத்துவதில்லை. பொத்தான் தைப்பான், டீ வாங்கி வருவான், மாஸ்டர் துணி வெட்டும்போது ஓரக்கண்ணால் பார்ப்பான். சில வருஷம் கழித்து அவன் கத்தரி பிடிக்கிற விதத்திலேயே யாரிடம் தொழில் பழகியவன் என்று சொல்லிவிடலாம். மத்தேத்தேஸ் அவன்தான். ஒரு வித்தியாசம்: பொதுவாகச் சீடன்தான் குருவைத் தேடிப் போவான். சுவிசேஷத்தில் இயேசுவே படகண்டைக்கும் வரி வசூலிக்கும் இடத்துக்கும் போய், பின்னே வரச் சொல்கிறார்.

இந்தச் சொல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. யோவான் ஸ்நானனுக்குச் சீஷர் உண்டு, பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினருக்கும் உண்டு. இன்னொரு குழப்பம், 'பன்னிரண்டு சீஷர்கள்' என்று சொல்லிச் சொல்லி சீஷரே பன்னிரண்டு பேர்தான் என்று நினைத்துவிடுவது. லூக்கா 6:13 தெளிவாகவே சொல்கிறது: அவர் தம்முடைய சீஷர்களை வரவழைத்து, அவர்களிலிருந்து பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டு அப்போஸ்தலர் என்று பேரிட்டார். அப்போஸ்தலன் என்றால் அனுப்பப்பட்டவன். கத்தோலிக்கத் தமிழில் திருத்தூதர். சீஷர் கூட்டம் அதைவிடப் பெரியது. பெண்களும் அதில் உண்டு. யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை அப்போஸ்தலர் நடபடிகள் 9:36 'ஒரு சீஷி' என்கிறது. கிரேக்கத்திலும் அந்தப் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அவள் பிரசங்கம் செய்ததாக ஒரு வரி இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை. மறுபடியும் தையல்தான், நான் திட்டமிடவில்லை.

மத்தேத்தேஸ் என்ற சொல் நான்கு சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் சுமார் 260 முறை வருகிறது. அப்போஸ்தலரின் கடிதங்களான நிருபங்களில் ஒரு முறைகூட இல்லை. கிறிஸ்தவன் என்ற சொல்லோ புதிய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடம். அந்தியோகியாவில் சீஷர்களுக்குத்தான் முதல்முதல் அந்தப் பேர் வழங்கிற்று என்கிறது அப்போஸ்தலர் 11:26. சீஷன் என்பது முன்னே இருந்தது. கிறிஸ்தவன் என்பது பிறகு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். சபையில் இன்று இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம் என்று எனக்குப் படுகிறது. எல்லோரும் கிறிஸ்தவர்கள், அதில் கொஞ்சம் தீவிரமானவர்கள் சீஷர்கள் என்பது போல.

விசுவாசத்தைப் பிறரிடம் கொண்டுபோவதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் வசனம் மத்தேயு 28:19. கிரேக்கத்தில் அந்த வாக்கியத்தின் கட்டளை வினை ஒன்றே ஒன்று: சீஷராக்குங்கள். போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, உபதேசிப்பது மூன்றும் அதைச் சார்ந்து நிற்கும் எச்சங்கள். தமிழில் முற்று கடைசியில் வருவதால் பழைய மொழிபெயர்ப்பில் இது இடம் மாறிவிட்டது. 'புறப்பட்டுப்போய்', 'சீஷராக்கி', 'ஞானஸ்நானங்கொடுத்து' என்று போய், கட்டளையின் கனம் அடுத்த வசனத்து 'உபதேசம்பண்ணுங்கள்' மேல் விழுகிறது. தப்பென்று சொல்ல மாட்டேன், தமிழ் அப்படித்தான் ஓடும். திருவிவிலியம் அதை உடைத்து 'சீடராக்குங்கள்' என்றே முற்றாக்கியது. அதே வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பின் 'சகல ஜாதிகளையும்' என்பதற்கும் ஒரு குறிப்பு தேவை. அந்தக் காலத் தமிழில் அது மக்களினம். இன்று காதில் விழுவது வேறு. ஞாயிறு வாசிப்பில் இதை ஒரு வார்த்தையாவது விளக்கிவிடுவது நல்லது.

அப்புறம், யாருக்குச் சீஷராக்குவது? "நம்ம ஐயாவோட சீஷர்" என்று, சபைப் போதகரைச் சொல்லி, சில இடங்களில் கேட்கிறேன். மத்தேயு 23:8-ல் போதகர் ஒருவரே, நீங்கள் எல்லாரும் சகோதரர் என்று இருக்கிறது. பிறரை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் 'ஆத்தும ஆதாயம்' என்ற சொல்லும் எனக்கு நெருடல்தான். கணக்குப் பேரேட்டு வாசனை அடிக்கிறது. 1 பேதுரு 3:15 சொல்லும் விதம் வேறு. நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் 'உத்தரவு சொல்ல' ஆயத்தமாயிருங்கள். இங்கே உத்தரவு என்றால் கட்டளை இல்லை, பதில். உத்தரம் என்பதன் பழைய பொருள். யாராவது கேட்டால் பணிவாகப் பதில் சொல்வது, அவ்வளவுதான்.

சரி, சீஷனுக்கு நல்ல தமிழ் எது? பொருளில் மிக நெருங்கி வருவது மாணாக்கன். நன்னூல் மாணாக்கனுக்குச் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்: நெருப்பின் அருகே குளிர்காய்பவனைப் போல ஆசிரியரை விட்டு அகலவும் கூடாது, மிக நெருங்கவும் கூடாது, 'நிழலின் நீங்கா' மனத்தோடு இருக்க வேண்டும். அதை எழுதிய பவணந்தி சமணர். ஆனால் பின்னே வருதல் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன தமிழ் எனக்குத் தெரியாது. சிக்கல் என்னவென்றால் மாணாக்கனும் மாணவனும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், தேர்வும் டி.சி.யும் கூடவே வந்துவிடும். 'பின்பற்றுபவர்' என்பதைச் சமூக ஊடகங்கள் எடுத்துக்கொண்டன. தொண்டர் என்றால் கொடி பிடிக்கிறவர் நினைவுக்கு வருகிறார். ஆகவே, இதுபோல அந்தச் சொல்லைப் பற்றியே பேசும் இடம் தவிர, எழுதும்போது சீடர் என்றே எழுதுகிறேன். வசனத்தை வாய்விட்டு வாசிக்கும்போது சீஷர் என்பதை மாற்றுவதில்லை. பாட்டி வாசித்துக் கேட்ட சத்தம் அது.

சீஷத்துவம் என்ற சொல்தான் எனக்கு ஒட்டவில்லை. புதிய ஏற்பாட்டில் அப்படியொரு பண்புப்பெயரே கிடையாது. ஆட்கள் இருக்கிறார்கள், வினை இருக்கிறது, 'த்துவம்' இல்லை. 'சீஷத்துவ வகுப்பு பன்னிரண்டு வாரம்' என்று அறிவித்தால், பதின்மூன்றாம் வாரம் அவர் முன்னாள் மாணவர் ஆகிவிடுவாரா? அப்போஸ்தலர் 21:16-ல் பவுல் எருசலேமுக்குப் போகும் வழியில் தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கிறது. வீட்டுக்காரர் சீப்புருதீவைச் சேர்ந்த மினாசோன். அந்த நூலை எழுதிய லூக்கா அவரை அறிமுகப்படுத்தும் சொல், 'ஒரு பழைய சீஷன்'. ஆரம்ப காலத்திலிருந்தே இருப்பவர் என்று பொருள். அத்தனை வருஷமாகியும் அவருக்கு வேறு பட்டம் எதுவும் இல்லை.