மிக்சரில் ‘பஸ்’ என்றால் என்ன?

ரோலண்ட் நிறுவனம் 2021இல் வெளியிட்ட எஸ்பி-404 எம்கே2 சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப இசைக்கும் கருவி) ‘பஸ் எஃப்எக்ஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. பீட் செய்யப் பழகும் பிள்ளைகள் இடறி நிற்கும் சொல் அது. பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்சர் பக்கம் போனாலும் அதே சொல்தான்: மெயின் பஸ், ஆக்ஸ் பஸ், குரூப் பஸ். சாம்ப்ளருக்குத் துணையாக மிக்சர் தேடுகிறவர்கள் எத்தனை மைக் குத்தலாம் என்று எண்ணிப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது பஸ்களை.

சொல்லின் மூலம் இலத்தீன். ‘ஒம்னிபஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’. 1820களில் பிரான்ஸின் நாந்த் நகரில், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிகளுக்கு இந்தப் பெயர் வந்தது. 1829இல் ஜோர்ஜ் ஷிலிபியர் அதே பெயரோடு லண்டனில் வண்டி விட்டார். பிறகு தலை போய் வால் மட்டும் மிஞ்சி ‘பஸ்’ ஆனது. அந்த வாலில் இருப்பது வேற்றுமை உருபு. நம் இலக்கணப்படி நான்காம் வேற்றுமை, ‘கு’. மின்சாரக்காரர்களும் இதே சொல்லை எடுத்தார்கள். பல சுற்றுகளுக்குப் பொதுவாக நிற்கும் தடித்த உலோகச் சட்டம் ‘ஒம்னிபஸ் பார்’ எனப்பட்டு, ‘பஸ்பார்’ என்று சுருங்கியது. மிக்சருக்குள் இருப்பது இந்த வழி வந்த பஸ்தான். அங்கே வண்டி எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொது என்ற பொருள் மட்டுமே இருக்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் செயற்பாட்டு விரியலாக்கி (ஒப்-அம்ப்) நினைவிருக்கும். பல பெய்ப்புகளை ஒவ்வொரு தடையின் ஊடாக ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தால், பயப்பில் அவற்றின் கூட்டுத்தொகை கிடைக்கும். பெரும்பாலான அனலொக் மிக்சர்களின் உள்ளே நடப்பது இந்தக் கூட்டல்தான். ஒவ்வொரு ஒலியும் தனியாக உள்ளே வரும் வழி செனல். எல்லாச் செனல்களும் வந்து சேரும் அந்தப் பொதுக்கம்பி ஒரு பஸ். அப்படி இன்னொரு பொதுக்கம்பி இருந்தால் அது இரண்டாவது பஸ். (உள்ளே வருவதற்குப் பெய்ப்பு, வெளியே போவதற்குப் பயப்பு என்று நம் பாடநூல்களில் இவ்வளவு நல்ல சொற்கள் இருக்க, ஒலிப்பதிவு செய்கிறவர்கள் அவற்றைத் தொடாமல் விட்டிருப்பது எனக்குப் பெரிய கவலை.)

தமிழில் என்ன சொல்வது? பேருந்து சரிவராது, அது வண்டி. ‘தடம்’ என்று எழுதலாம், ஆனால் அந்தச் சொல்லை, ஒலியைத் தனித்தனியாகப் பதியும் டிராக்குக்குக் கொடுத்தாயிற்று. டிராக்கும் பஸ்ஸும் ஒன்றல்ல. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி நூல்கள் கணினியின் பஸ்ஸுக்குப் ‘பாட்டை’ என்கின்றன: தரவுப் பாட்டை, முகவரிப் பாட்டை. பாட்டை என்பது வழிக்கும் வீதிக்கும் உள்ள பழைய சொல். வழிப்போக்கனைப் பாட்டைசாரி என்பதும் உண்டு. என் தெரிவும் அதுவே. மஸ்கெலியாவிலிருந்து வரும் வீதியும் பொகவந்தலாவையிலிருந்து வரும் வீதியும் நோர்வூட்டில் சேர்ந்து, டிக்கோயா வழியாக ஒன்றாக ஹட்டனுக்குப் போகின்றன அல்லவா, மிக்சரின் பஸ் அந்தச் சேர்ந்த வீதி. ஆகவே ஒலிப்பாட்டை. மெயின் பஸ் முதன்மைப் பாட்டை, ஆக்ஸ் (செனலின் ஒலியில் ஒரு பங்கை எக்கோ போன்றவற்றுக்கு அனுப்புவது) துணைப் பாட்டை, குரூப் (சில செனல்களை ஒன்றாகச் சேர்ப்பது) குழுப் பாட்டை.

இனி மிக்சர் வாங்கும் விஷயம். ஒரே ஒரு முதன்மைப் பாட்டை உள்ள சின்ன மிக்சரை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்ப்ளரின் பயப்பை அதில் குத்தியாயிற்று. மிக்சரின் மெயினைச் சாம்ப்ளரின் பெய்ப்புக்குக் கொடுத்தாயிற்று. பதிவு பட்டனை அழுத்தினால், உள்ளே வரும் ஒலியைச் சாம்ப்ளர் வெளியே விடும், அது மெயினுக்குப் போகும், அங்கிருந்து திரும்பவும் சாம்ப்ளருக்கு வரும். வட்டம் மூடிவிட்டது, ஊளைதான். அதைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது பாட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மேக்கி 1202 விஎல்சட் போன்ற சிறு மிக்சர்களில் ‘ஆல்ட் 3-4’ என்று ஒன்று உண்டு. ஒரு செனலின் மியூட் பட்டனை அழுத்தினால், ஒலி மெயினிலிருந்து விலகி 3-4க்குப் போகும். 3-4இன் பயப்பைச் சாம்ப்ளருக்குக் கொடுங்கள், மெயினை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். எதைப் பதிய வேண்டுமோ அந்தச் செனலை மட்டும் மியூட் செய்யுங்கள். சாம்ப்ளரின் செனல் மெயினிலேயே இருக்கட்டும், வட்டம் மூடாது.

மலையகத்தில் காமன் கூத்துக் காலத்தில் தப்புப் பறையைப் பதிய நினைப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நம் பனியில் தோல் தொய்ந்துபோகும். நெருப்பில் காய்ச்சி எடுத்த கையோடு பதிய வேண்டும், கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கிவிடும். அந்த அவசரத்தில் கேபிள் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மைக் முதல் செனலில். ஆக்ஸ் வழியாக எக்கோ, எக்கோவின் பயப்பு வேறொரு செனலில். முதல் செனலை மட்டும் மியூட் செய்தால் எக்கோ கலக்காத, குச்சி விழும் வறண்ட அடி சாம்ப்ளருக்குள் போகும். எக்கோ வரும் செனலை மட்டும் மியூட் செய்தால், அடி இல்லாமல் அதன் வால் மட்டும் போகும். தப்பின் எக்கோ வாலை மட்டும் வெட்டியெடுத்து, சுருதியைக் கீழே இறக்கி, பீட்டுக்கு அடியில் விரித்துப் பாருங்கள். எனக்கு இதைவிடப் பிடித்த ஒலி வேறில்லை.

எக்கோவை அதற்கென்று உள்ள ரிட்டர்ன் துளைக்குத் திருப்பாமல் செனலுக்குத் திருப்பச் சொல்வதும் இதற்காகத்தான். செனலில் வந்தால் ஈக்யூ (அடி ஒலி, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) கிடைக்கும், எந்தப் பாட்டையில் விடுவது என்ற தெரிவும் கிடைக்கும். அந்தச் செனலின் ஆக்ஸ் குமிழைக் கொஞ்சம் திறந்தால் எக்கோ தன்னையே திரும்பத் திரும்ப விழுங்கிப் பெருகும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் டப் இசை முன்னோடி கிங் டப்பி, எக்கோவை இப்படிக் கையாண்டு மிக்சரையே வாத்தியமாக வாசித்தார். மின்சாதனங்கள் திருத்துவது அவருடைய தொழில். நான்கு டிராக்கை வைத்துக்கொண்டு அத்தனையும் செய்தார்.

வாங்கும் மிக்சரில் குறைந்தது இரண்டு துணைப் பாட்டைகள் இருக்கட்டும்; ஒன்று எக்கோவுக்கு, மற்றது அறை முழக்கம் தரும் ரிவேர்ப்புக்கு. துணைப் பாட்டைக்கு ஒலியை ஃபேடருக்கு முன்னா பின்னா எடுப்பது என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. முன் நிலையில் ஃபேடரை முழுக்க இறக்கினாலும் எக்கோவுக்கு ஒலி போய்க்கொண்டே இருக்கும்.

எஃபெக்ட் பெட்டிக்குச் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். கிட்டார் பெடலும் போதும். மிக்சரின் லைன் அளவு பெடலுக்கு மிகப் பலம், ஆகவே ஆக்ஸ் குமிழைத் தாழ்த்தி வைத்துப் பெடல் பிசிறாத இடத்தைக் காதால் தேடுங்கள். எல்லா அடாப்டரையும் ஒரே பலகையில் குத்துங்கள். மின்சாரத்தால் வரும் 50 ஹேர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் குறையும்.

பழைய மிக்சர் வாங்கினால் மெயினை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஹெட்ஃபோனும் ஒரு கேபிளும் கொண்டுபோங்கள். ஒரு பாடலை ஃபோனிலிருந்து ஒரு செனலில் விட்டு, ஆக்ஸ், ஆல்ட், குரூப் என்று ஒவ்வொரு பயப்பாகக் கேட்டுப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கிளீனர் தெளித்துச் சரிசெய்யலாம். ஒரு பாட்டையில் ஒரு பக்கம் மட்டும் ஒலி வராவிட்டால், அதைத் திருத்தும் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள்.