இலங்கைக்குச் சரக்கு அனுப்ப ஐ.இ.சி. நம்பர்: 500 ரூபாய் வேலையில் எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறார்கள்

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பினாலும் அங்கிருந்து வாங்கினாலும் ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைத் தருவது டி.ஜி.எஃப்.டி., அதாவது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம். கட்டணம் 500 ரூபாய். சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த 500 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கொடுத்த பணம் போனால் போகட்டும். நம்பர் தங்கள் பெயரில் இருந்தும் சாவி வேறு யாரோ ஒருவரின் கையில் இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் ஒரு தவறான பேச்சை ஒழித்துவிடுவோம். "பக்கத்து நாடுதானே, சின்னச் சரக்குக்கு நம்பர் தேவையில்லை" என்று பலர் சொல்கிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய, மியான்மர் எல்லையில் உள்ள மணிப்பூர் மோரே பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவரும் அப்படித்தான் சொல்வார். அவர் சொல்வதில் பொய்யில்லை. நேபாளம், எல்லை வழியாக மியான்மர், குறிப்பிட்ட மலைக்கணவாய்கள் வழியாகச் சீனா ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஒரு தடவை அனுப்பும் சரக்கின் மதிப்பு 25,000 ரூபாய்க்குள் இருந்தால் அங்கே ஐ.இ.சி. வேண்டாம் (சிக்கிமில் உள்ள நாதுலா கணவாய்க்கு உச்சவரம்பு வேறு). அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை, வங்கதேசமும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பத்துச் சேலை விற்பனைக்கு அனுப்பினாலும் நம்பர் வேண்டும். சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டும் வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் ஓட ஆரம்பித்ததும், பெட்டியில் சரக்கை வைத்துக் கொண்டுபோய் விற்றுவிடலாம் என்ற யோசனை நிறையப் பேருக்கு வந்துவிட்டது. ஒரே மாதிரிச் சேலை நாற்பதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு "எல்லாம் எனக்குத்தான்" என்றால் எந்தச் சுங்க அதிகாரியும் நம்பமாட்டார். இந்தக் கரையில் தப்பினாலும் அந்தக் கரையில் பிடிப்பார்கள்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். டி.ஜி.எஃப்.டி. தளத்தில் நீங்களே போடலாம். தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். அச்சு அசலாக அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். அவை "சேவைக் கட்டணம்" என்று சேர்த்துக் கறப்பவை. பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், கேன்சல் செய்த காசோலை, முகவரிச் சான்று, ஆதாரோடு இணைந்த மொபைல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் நம்பர் உங்கள் பான் எண்ணேதான். ஒரு பானுக்கு ஒரு ஐ.இ.சி. மட்டுமே.

பெரும்பாலான விண்ணப்பங்கள் மாட்டுவது இனிஷியலில். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். இதைத் திருத்தாமல் விண்ணப்பித்துவிட்டு அலைவதைவிட, முன்னாலேயே மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி சரிசெய்துவிடுங்கள். வங்கியில் "பான் கார்டை மாத்திட்டு வாங்க" என்பார்கள். பான் மையத்தில் "ஆதார்ல எப்படி இருக்கோ அப்படித்தான் வரும்" என்பார்கள். ஆதாரில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மகளிர் குழுக்களுக்கு ஒரு எச்சரிக்கை. குழுவுக்குத் தனிப் பான் இல்லாவிட்டால், "தலைவி அக்கா பேர்ல எடுத்துடலாம்" என்றுதான் எல்லோரும் யோசனை சொல்வார்கள். எடுத்தால் வருமானம், வரி, நோட்டீஸ் எல்லாம் அந்த அக்காவின் தலையில்தான் விழும். பதிவுபெற்ற அமைப்பாக மாறிய பிறகு எடுப்பதே நல்லது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். விண்ணப்பத்தில் போடும் மொபைலும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். "ஓ.டி.பி. தொல்லை உங்களுக்கு எதுக்குண்ணே, நம்ம நம்பரையே போட்டுடுறேன்" என்று ஏஜென்ட் உதவி போலச் சொல்வார். அதற்குத் தலையாட்டினால் அதன்பின் எந்தத் திருத்தத்துக்கும் அவரிடம் போய் நிற்க வேண்டியதுதான், ஒவ்வொரு தடவையும் காசு. துணி வியாபாரி ஒருவரின் சரக்கு துறைமுகத்தில் நின்றது, அவருடைய ஐ.இ.சி. செயலிழந்திருந்ததால். நினைவூட்டல் மின்னஞ்சலெல்லாம் ஏஜென்டின் பெட்டிக்குப் போயிருந்தது. ஏஜென்ட் கடையைக் காலி செய்து போய்விட்டார்.

ஏன் செயலிழந்தது? ஐ.இ.சி. ஆயுளுக்கும் செல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்துக்குள் தளத்தில் நுழைந்து விவரங்களை உறுதி செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. எதுவுமே மாறவில்லை என்றாலும் "மாறவில்லை" என்று சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் இது இலவசம். விட்டால் நம்பர் முடங்கும். திரும்ப உயிர்ப்பிக்கலாம்தான், ஆனால் அதற்குள் சரக்குக்குத் துறைமுக வாடகை ஏறியிருக்கும். எதுவும் மாறாததற்கு ஆண்டுதோறும் வாக்குமூலம் எதற்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, நம்பரை வாடகைக்கு விடுவது. "உங்க பேர்ல நம்பர் எடுத்துத் தாங்க தம்பி, மாசாமாசம் ஒரு தொகை தர்றோம், நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்" என்று வேலையில்லாத பையன்களிடமும் மீனவக் குடும்பங்களிடமும் வருகிறார்கள். உங்கள் நம்பரில் என்ன போனது, என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தாலோ தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தாலோ, சுங்கத்துறையும் டி.ஆர்.ஐ. எனப்படும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான். "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொந்த அண்ணனே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நம்பர் கைக்கு வந்தாயிற்று. இனி ஜி.எஸ்.டி. விஷயத்துக்கு வருவோம். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைக்காரர் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்த முறையில் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க அனுமதியில்லை, ஏற்றுமதியும் வெளிமாநில விற்பனைக் கணக்கில்தான் வருகிறது. அதனால் முதலில் சாதாரண முறைக்கு மாற வேண்டும். மாறியவர்கள் எல்.யு.டி. என்ற உறுதிக்கடிதத்தை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுவிட்டால் வரி கட்டாமல் அனுப்பலாம். இது ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டியது. மறந்தால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

வங்கியில் வாங்க வேண்டியது ஏ.டி. கோடு கடிதம். ஏற்றுமதிப் பணத்தைக் கையாளும் வங்கிக் கிளையைச் சுங்கத்துறைக்குக் காட்டும் 14 இலக்க எண் அது. உங்கள் கிளைக்கு அந்நியச் செலாவணிப் பிரிவு இல்லையென்றால் "மெயின் பிராஞ்சுக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் "கணக்கு எங்க கிட்ட இல்லையே" என்பார்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்ததும் நீங்கள் அனுப்பப்போகும் துறைமுகத்துக்கு அது சுங்கத்துறைத் தளத்தில் பதிவாகிவிட்டதா என்று சரக்கு கிளம்பும் முன்பே பாருங்கள்.

சரக்கு சின்னதாக இருந்தால் கண்டெய்னர், கஸ்டம்ஸ் புரோக்கர் என்று போக வேண்டியதில்லை. அஞ்சல்துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா, அதாவது அஞ்சலக ஏற்றுமதி மையம் வழியாகத் தபாலிலேயே ஏற்றுமதி செய்யலாம். அதற்கும் ஐ.இ.சி. வேண்டும். பக்கத்துத் தபால் நிலையத்தில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாததுபோல் பார்க்கலாம். தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள்.

இலங்கையோடு நமக்கு 2000 மார்ச்சிலிருந்து தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. ஆனால் அங்குள்ள வாங்குபவருக்குச் சுங்கச் சலுகை தானாக வராது. சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும், ஒப்பந்தப்படியான பிறப்பிடச் சான்றிதழை நீங்கள் எடுத்து அனுப்ப வேண்டும். சரக்கு, சலுகை கிடையாது என்று இலங்கை ஒதுக்கிவைத்த பொருட்களின் பட்டியலில் இருந்தால் அந்தச் சான்றிதழாலும் பயனில்லை. விலை பேசும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். உண்டியலில் (ஹவாலாவில்) வந்தால் கையில் காசு இருக்கும், ஆனால் சுங்கத்துறையில் கொடுத்த ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் வங்கிப் பதிவில் பணம் வராததாகவே கிடக்கும். பிறகு வங்கி கேட்கும்போது காட்ட ஒரு காகிதமும் இருக்காது. 2022இல் இலங்கையில் டாலர் தட்டுப்பாடு வந்தபோது கடனுக்கு அனுப்பியவர்கள் பட்ட பாட்டை நினைத்து, முதல் சரக்குக்காவது முன்பணம் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏஜென்டின் மின்னஞ்சலில் நம்பர் சிக்கியிருந்தால், தளத்தில் உங்கள் சொந்த மொபைலில் புதுக் கணக்கு தொடங்குங்கள். 'லிங்க் ஐ.இ.சி.' என்ற பகுதியில் உங்கள் ஆதார் ஓ.டி.பி. மூலம் நம்பரை இணைத்து, தொடர்பு விவரங்களை மாற்றிவிடுங்கள். ஏஜென்டிடம் கெஞ்ச வேண்டியதில்லை. வாடகைக்கு விட்டவர்கள் இன்றே உள்ளே போய் முதலில் இதைச் செய்யுங்கள். வியாபாரம் செய்யும் எண்ணமே இல்லையென்றால் அதே தளத்தில் நம்பரைச் சரண்டர் செய்துவிடலாம்.