கெப்பின் அடியில் கத்துவது எது?

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது பழைய ஃபோர் வீல் கெப் (பிக்கப் வண்டி) ஒன்று முனகி அதிர ஆரம்பித்தால், ஓட்டுபவர் முதலில் சந்தேகப்படுவது டயரைத்தான். டயராகவும் இருக்கலாம். ஆனால் டயர், கியர்பொக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், எஞ்சின் மூன்றும் ஒரே கதியில் சுற்றுவதில்லை. இந்த வித்தியாசம் போதும், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் ஆளைப் பிடிக்க.

டயரின் சுற்றளவு 2.3 மீற்றர் என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஏழு தடவைக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். ஷாஃப்டின் சுழற்சியை அச்சில் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அதன் விகிதம் 4.1 என்றால், அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்ற ஷாஃப்ட் 4.1 தடவை சுற்றும் என்றால், பின் ஷாஃப்ட் செக்கனுக்கு ஏறக்குறைய 30 தடவை சுற்றும். செக்கனுக்கு ஏழு என்பது கைக்குத் தெரியும் ஆட்டம், ஸ்டியரிங் உதறும். முப்பது, அறுபது என்று போனால் ஆட்டமாகத் தெரியாது, சீட்டும் தரையும் ரீங்கரிக்கும்.

எஞ்சினா என்று அறிய, 40 கிலோமீற்றர் வேகத்தை மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். எஞ்சினின் சுற்று மாறும், ஷாஃப்டின் சுற்று மாறாது. சத்தமும் மாறாவிட்டால் கோளாறு கியர்பொக்ஸுக்குப் பின்னால்தான். நியூட்ரலில் உருளவிடும் சோதனை சமதரைக்காரர்களுக்கு; நம் இறக்கங்களில் வேண்டவே வேண்டாம்.

மலைப்பாதை இதற்கென்றே அமைந்தது போல. இடப்பக்க வளைவில் பாரம் வலச் சக்கரங்கள்மேல் சாயும். அப்போது உறுமல் கூடி, அடுத்த வலப்பக்க வளைவில் அடங்கினால் வலப்பக்க வீல் பெயரிங்கை (சக்கரம் உராயாமல் சுற்றத் தாங்கும் உருளை வளையத்தை) சந்தேகியுங்கள். ஏற்றத்தில் கியர்ப் பற்களின் ஒரு முகம் அழுந்துகிறது, கியரில் இறங்கும்போது மறு முகம். ஒன்றில் மட்டும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியல் பக்கம் பாருங்கள்.

அதற்கு முன் சக்கரங்களைக் கழுவுங்கள், சும்மா சொல்லவில்லை. மழை நாளில் தோட்டத்து ரோட்டில் போய்வந்தால் ரிம்மின் உட்புறத்தில் களிமண் ஒட்டிக் காய்ந்துவிடும். அச்சிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி 100 கிராம் மண் இருந்தாலே, மணிக்கு 60 கிலோமீற்றரில் அது ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசி. அதனால்தான் மெதுவாகப் போகையில் ஒன்றும் தெரிவதில்லை.

இனி யூனிவர்சல் ஜாயின்ட், ஷாஃப்டின் முனையில் அதைக் கோணத்திலும் சுற்றவிடும் இணைப்பு. தந்திரமான சாமான் இதுதான். கோணத்தில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரு சுற்றில் இரண்டு தடவை விரைந்து, இரண்டு தடவை பின்தங்கும். 10 பாகைக் கோணத்தில் இந்த ஏற்றத்தாழ்வு கூடியும் குறைந்தும் சுமார் 1.5 சதவீதம். மறுமுனையிலும் ஒரு ஜாயின்ட் வைத்திருப்பது இதை ஈடுகட்டத்தான். கோணங்கள் சமமாகவும், ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்டைப் பிடிக்கும் கவைகளும் ஒரே தளத்திலும் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது அழித்துவிடும். கராஜில் ஷாஃப்டைப் பிரித்து, ஒரு பாதி மறுபாதிக்குள் வழுக்கும் ஸ்லிப் பகுதியைச் சில பற்கள் தள்ளி மாட்டினால் அந்தக் கணக்கு கெடும். புது ஜாயின்ட் போட்ட பிறகும் அதிர்வது பல நேரம் இதனால்தான். பிரிக்குமுன் இரு பாதியிலும் பெயின்றால் ஒரு கோடு இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஜாயின்டே போயிருந்தால் அதன் பெயரிங் கிண்ணங்களைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி தெரியும். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது ‘டங்’ என்று கேட்கும்.

நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் ஃபோர் வீலில் மட்டும் வரும் சத்தம் வேறு கதை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் போகவேண்டும். முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் சாதாரண டிரான்ஸ்பர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறி, கொண்டை ஊசி வளைவில் டயர் துள்ளி ‘டக்’ என்னும். இதற்கு எந்தச் சாமானும் மாற்றவேண்டாம், டூ வீலுக்கு மாற்றினால் சரி. லீவர் அசைய மறுத்தால் நேராகச் சில மீற்றர் பின்னால் எடுங்கள். முறுக்கு விட்டதும் கழன்றுவிடும்.