டியூனரைக் கழற்றும் முன் நட்டைப் பாருங்கள்

ஸ்குவயர் ஸ்ட்ராட்டோ (ஃபெண்டரின் மலிவு பிராண்ட்) எபிஃபோன் லெஸ் பாலோ (கிப்சனின் மலிவு பிராண்ட்), பழுதுபார்க்க வரும் எலெக்ட்ரிக் கிட்டாருடன் இப்போதெல்லாம் ஒரு பொட்டலமும் வருகிறது. உள்ளே லாக்கிங் டியூனர் (கம்பியைக் கவ்விப் பிடிக்கும் முறுக்காணி), விலை உயர்ந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), அமெரிக்க பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்). "சுருதி நிக்க மாட்டேங்குது, இதை எல்லாம் மாட்டிக் கொடுங்க" என்கிறார்கள். வீட்டிலேயே டிரில் போட்டுப் பார்த்து, பூச்சு பெயர்ந்த பிறகு வருபவையும் உண்டு. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

மலிவான டியூனர் வழுக்குவதால் சுருதி இறங்குகிறது என்ற நம்பிக்கைதான் பெரிய தொல்லை. டியூனருக்குள் இருப்பது புழுப் பல்சக்கரம். திருகை நீங்கள் திருப்பினால் தண்டு சுழலும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் தண்டு தானாகப் பின்னோக்கிச் சுழலாது. 14:1, 18:1 என்ற பல்சக்கர விகிதங்கள் எவ்வளவு நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம் என்பதைத்தான் சொல்கின்றன. கம்பி சிக்குவது நட்டின் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில். சுருதி கூட்டும்போது 'டிங்' என்று சத்தம் வந்தாலோ, கம்பியை வளைத்து விட்டதும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலோ பள்ளம் குறுகல் என்று பொருள். நாஷ்வில்லில் செய்த கிப்சன் லெஸ் பாலிலும் இதே கோளாறு வரும். தலைப்பகுதியில் டி, ஜி கம்பிகள் பக்கவாட்டில் வளைந்து போவதால் அவை நட்டில் உரசுகின்றன. விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சோதனை: கம்பியை 3ஆம் ஃபிரெட்டில் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்தி, 1ஆம் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். தலைமுடி அளவு போதும். அதற்கு மேல் இருந்தால் திறந்த கம்பி சரியாக ஒலிக்கும், 1ஆம் ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கும் எஃப் கார்டு மட்டும் அபசுரமாக ஒலிக்கும். அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு உரிய அரத்தால், தலைப்பக்கம் சரியும்படி பள்ளத்தைச் சீராக்க வேண்டும். அதிகம் அராவிவிட்டால் புது நட்டுதான்.

அப்படியானால் கலிஃபோர்னியாவின் கொரோனாவில் செய்த ஃபெண்டருக்கு ஏன் அத்தனை விலை? கைவேலைக்காக. ஃபிரெட் முனைகள் உருட்டப்பட்டிருக்கும், தளம் சமமாக இருக்கும். ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான கம்பி நீளம்) ஸ்குவயர் ஸ்ட்ராட்டுக்கும் அதே 25.5 அங்குலம்தான். விரற்பலகையில் ஈட்டி மரத்துக்குப் பதில் பல ஸ்குவயர்களில் கருமருது இருக்கும். இரண்டுமே நம் காடுகளிலும் வளரும் மரங்கள். கருமருதைக் குறை சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

உதிரி பாகங்களில்தான் பணம் வீணாகிறது. அமெரிக்க 'பாட்'டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) கழுத்து 3/8 அங்குலம், ஆசியத் தயாரிப்பு கிட்டார்களில் பெரும்பாலும் துளை அதைவிடச் சிறியது. டிரில் வேண்டாம், கூம்பு வடிவ ரீமரால் (துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கருவி) கையால் பெரிதாக்குங்கள். ஸ்குவயரின் அஃபினிட்டி வரிசை ஸ்ட்ராட்டின் உடல் மெலிந்தது. முழு நீள டிரெமோலோ பிளாக் (பிரிட்ஜின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டி) பின்பக்கம் துருத்தி நிற்கும். பல எபிஃபோன்களின் பிரிட்ஜ் தண்டு மெட்ரிக் மரை கொண்டது, கிப்சன் பிரிட்ஜ் அதில் உட்காராது. வாங்கும் முன் கேலிப்பரால் அளந்துவிடுங்கள்.

முதலில் செட்டப், அதாவது இருக்கும் பாகங்களையே சரியாக அமைப்பது. புதுக் கம்பி போட்டு நன்றாக இழுத்துவிடுங்கள். 1ஆம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, கடைசி ஃபிரெட்டை அழுத்தினால் 8ஆம் ஃபிரெட்டில் 0.25 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஸ்ட்ராட்டில் 17ஆம் ஃபிரெட்டில் கம்பி உயரம் 1.6 மி.மீ. அடுத்து நட், கடைசியாக இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக வரும்படி பிரிட்ஜை நகர்த்துவது). பிக்கப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

8ஆம் ஃபிரெட் இடைவெளியை மாற்ற டிரஸ் ராடை (கழுத்தின் உள்ளே அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டு) திருப்பும்போது, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அமெரிக்க கிட்டாருக்கு அங்குலச் சாவி, ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் மெட்ரிக் சாவி. பொருந்தாத சாவியைத் திணித்து முனை மழுங்கிவிட்டால், அதைச் சரிசெய்ய ஆகும் கூலி சில ஸ்குவயர்களின் விலையையே எட்டிவிடும்.