959-ஆவது வரிசை: என்பிஏ குலுக்கலில் டல்லாஸ் வென்றது எப்படி?

“வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் டல்லாஸ் முதலிடம் பிடித்ததாம். லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குத் தாரை வார்த்ததற்கு லீக் கொடுத்த கூலிதானே கூப்பர் ஃபிளாக்? இதையும் கணக்கு என்று நம்பச் சொல்வீர்களா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நம்பத்தான் சொல்வேன். என்பிஏ என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக். அதில் டல்லாஸ் அணி தன் நட்சத்திர வீரர் டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது; பிறகு குலுக்கலில் முதலிடம் பெற்று ஃபிளாக் என்ற புதுமுகத்தைப் பெற்றது. அதைத்தான் வாசகர் முடிச்சுப் போடுகிறார். 2025 ஜூன் 22 அன்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை வீழ்த்திக் கோப்பை வாங்கியது. மூன்று நாள் கழித்து, புதுமுகங்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் முதல் ஆளாக ஃபிளாக்கை எடுத்தது. ஆனாலும் சீசன் முடிந்த பிறகு ரசிகர்கள் அதிகம் சண்டை போட்டது மே 12 அன்று சிகாகோவில் ஒரு பூட்டிய அறைக்குள் உருண்ட 14 பந்துகளைப் பற்றித்தான்.

பின்னணி சுருக்கமாக. மோசமாக ஆடிய அணி நல்ல புதுமுகத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் டிராஃப்ட். அதை அப்படியே விட்டால் கடைசி இடத்துக்குப் போட்டி வந்துவிடும், வேண்டுமென்றே தோற்பார்கள். அதனால் 1985 முதல் குலுக்கல். முதல் வருடம் பிளே ஆஃப் என்ற கோப்பைச் சுற்றுக்குப் போகாத ஏழு அணிகளின் உறைகளை ஓர் உருளையில் போட்டுச் சுற்றி, கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் தன் கையாலேயே எடுத்தார். நியூயார்க் நிக்ஸுக்கு பேட்ரிக் யூயிங் கிடைத்தார். நிக்ஸின் உறையை மட்டும் ஃப்ரீசரில் வைத்துச் சில்லிட வைத்தார்கள், ஸ்டெர்ன் தடவிப் பார்த்து எடுத்தார் என்ற கதை நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதாரம் ஏதும் கிடையாது. ஆனால் கைவிட்டு எடுக்கும் முறையில் அப்படியொரு கதைக்கு இடம் இருந்தது உண்மைதான்.

1990-இல் எடை கொடுத்தார்கள். 11 அணிகள், மொத்தம் 66 வாய்ப்புகள். கடைசி அணிக்கு 11, அதற்கு மேலே 10 என்று இறங்கி, இருப்பதில் நல்ல அணிக்கு ஒன்றே ஒன்று. 1993-இல் 41 வெற்றி, 41 தோல்வியோடு இருந்த ஆர்லாண்டோவுக்கு அந்த ஒற்றை வாய்ப்பே விழுந்தது. முந்தைய வருடமும் முதலிடம் பெற்று ஷக்கீல் ஓ’நீலை எடுத்தது அதே ஆர்லாண்டோதான். மற்ற அணிகள் கொதித்துப் போனதில் ஆச்சரியமில்லை. 1994-இல் முறையே மாறியது. 2025-இலும் ஓடியது அந்த முறைதான், அழகும் அதில்தான் இருக்கிறது.

வாய்ப்பை 0.1 சதவீதம் வரை பிரிக்க வேண்டுமென்றால் 1000 சமமான முடிவுகள் தேவை. ஆயிரம் பந்துகளை ஒரே எடையில், ஒரே அளவில் செய்து ஒரே கூண்டில் நன்றாகக் கலக்குவது நடக்காத காரியம். குறைவான பந்துகளை வைத்து, சிலவற்றைச் சேர்த்து எடுத்தால்? 20 பந்தில் மூன்று எடுத்தால் 1140 சேர்மானங்கள், 140 வீண். 46 பந்தில் இரண்டு எடுத்தால் 1035. 13 பந்தில் நான்கு எடுத்தால் 715தான் தேறும். 15 பந்தில் நான்கு என்றால் 1365. 14 பந்தில் நான்கு எடுத்துப் பாருங்கள்: 14 × 13 × 12 × 11 என்பதை 24-ஆல் வகுத்தால் 1001. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்! 11-12-13-14 என்ற அந்தக் கடைசிச் சேர்மானம் யாருக்கும் சொந்தமில்லை. அது வந்தால் மறுபடி குலுக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் எட்டு ஆண்கள், ஆறு பெண்களிலிருந்து குழு அமைக்கச் சொல்லியே சேர்மானத்தைப் பிள்ளைகளுக்குக் கசக்க வைக்கிறோம். இந்த ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தால் பாதி வகுப்பு விழித்துக்கொள்ளும்.

இயந்திரம் அரசு லாட்டரிகளுக்குக் கருவி செய்து தரும் ஸ்மார்ட்பிளே நிறுவனத்துடையது. பந்துகளை எடை போட்டு, அளந்து, சான்று கொடுப்பதும் அவர்களே. 14 பந்துகளும் 20 விநாடி கலங்கியபின் முதல் பந்து. அதன்பின் பத்துப் பத்து விநாடி இடைவெளியில் மற்ற மூன்று. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கி சைகை செய்வார். எந்தப் பந்து வாய்க்கு அருகில் இருக்கிறது என்று பார்த்து அவரால் சைகை தர முடியாது.

20 விநாடி போதுமா? தாராளமாக. உருண்டையும் உருண்டையும் மோதும்போது, தொடக்கத்தில் இருந்த சின்ன விலகல் பல மடங்கு பெருகும். ஒரு மோதலுக்கு 5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பந்து நாம் நினைத்த இடத்திலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் தள்ளி இருந்தால், ஆறு மோதலில் அந்தப் பிழை 15,625 மைக்ரோமீட்டர், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டிவிடும். ஏழாவது மோதல் நடக்குமா, விலகிப் போகுமா என்பதையே சொல்ல முடியாது. ஆறு மோதலுக்கு ஒரு விநாடிகூட அதிகம்.

இப்போது அட்டவணை. எடுத்த வரிசை முக்கியமில்லை. நான்கு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொள்ள வேண்டும். 1-2-3-4 முதலாவது, 1-2-3-5 இரண்டாவது என்று அகராதி போல அடுக்கிக்கொண்டே போய், பிளே ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கும், மோசமான அணியை 1-ஆம் இடமாக எண்ணித் தொடங்கிப் பங்கு பிரிக்கிறார்கள். 2025-இல் 17 வெற்றி மட்டுமே பெற்ற யூட்டாவுக்கு முதல் 140: 1-2-3-4 தொடங்கி 1-4-7-9 வரை. வாஷிங்டனுக்கு அடுத்த 140: 1-4-7-10 முதல் 1-10-12-13 வரை. கவனித்தீர்களா? இந்த இரண்டு அணிகளின் 280 சேர்மானங்களிலும் 1 இருக்கிறது. ஒன்றாம் பந்து வராவிட்டால் இரண்டுமே காலி. மூன்றாவதான ஷார்லட்டுக்கு 1 உள்ளவை ஆறுதான். மீதி 134-உம் 2-இல் தொடங்குபவை.

“அப்படியென்றால் ஒரே பந்தை நம்பியிருக்கும் யூட்டாவுக்கு அநியாயம் இல்லையா?” என்று தோன்றும். இல்லை. நான்கு பந்துகளில் 1 இடம்பெறும் நிகழ்தகவு 14-இல் 4. எண்ணிப் பார்த்தாலும் 1 உள்ள சேர்மானங்கள் 286. 1001-இல் 286 என்பதும் அதே விகிதம்தான். 1001-உம் சமம் என்றான பிறகு, யாரிடம் எத்தனை என்பது மட்டுமே கணக்கு. எவை என்பது கணக்கில் வராது. எவை என்பதால் வரும் வித்தியாசம் அறைக்குள் இருப்பவர்களின் ரத்த அழுத்தத்துக்கு மட்டும்தான்.

அன்று வந்த பந்துகள் 10, 14, 11, 7.

மூன்றாவது பந்து விழுந்ததுமே ஆட்டம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கையில் 10, 11, 14 இருக்க, கூண்டில் 11 பந்துகள். அட்டவணையைப் பார்த்து நாமே போட்டுப் பார்க்கலாம். நான்காவதாக 1 வந்தால் வாஷிங்டன். 2 நியூ ஆர்லியன்ஸுக்கு, 3 புரூக்ளினுக்கு, 4 டொராண்டோவுக்கு, 5 சான் அன்டோனியோவுக்கு, 6 போர்ட்லண்டுக்கு, 7 டல்லாஸுக்கு, 8 சிகாகோவுக்கு. 9, 12, 13 வந்தால் 13, 14-ஆம் இடங்களில் இருந்தவற்றுக்கு. யூட்டா, ஷார்லட், பிலடெல்ஃபியா மூன்றுக்கும் அந்த நொடியில் ஒரு வழியும் மிச்சமில்லை. முதலில் 1.8 சதவீதமாக இருந்த டல்லாஸின் வாய்ப்பு இப்போது 11-இல் ஒன்று, அதாவது 9 சதவீதத்துக்கு மேல். வந்தது 7.

7-10-11-14 எத்தனையாவது வரிசை? 1 முதல் 6 வரையிலான எண்களில் தொடங்குபவை 286, 220, 165, 120, 84, 56, கூட்டினால் 931. 7-8 என்று தொடங்குபவை 15, 7-9 என்பவை 10, இதுவரை 956. அடுத்து 7-10-11-12, 7-10-11-13, 7-10-11-14. ஆக 959. டல்லாஸிடம் இருந்தவை 951 முதல் 968 வரை, 18 வரிசைகள்.

அந்த 18 எப்படி வந்தது என்பதில்தான் சதிக் கதைக்கு முதல் சிக்கல். டல்லாஸும் சிகாகோவும் 39 வெற்றி, 43 தோல்வி என்று சமநிலை. 11-ஆம் இடத்துக்கு 20, 12-ஆம் இடத்துக்கு 15 சேர்மானங்கள். கூட்டிப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினேழரை. அரைச் சேர்மானம் கொடுக்க முடியாது. ஏப்ரலில் தனியாக ஒரு சீட்டு போட்டார்கள். டல்லாஸுக்கு 11-ஆம் இடமும் 18-உம், சிகாகோவுக்கு 12-ஆம் இடமும் 17-உம் போயின. சீட்டு மாறி விழுந்திருந்தால் 951 முதல் 968 வரை சிகாகோவுக்கு. அதே நான்கு பந்துகள், அதே 959, ஆனால் ஃபிளாக் சிகாகோ சட்டையில். ஆக, மே மாதம் பந்தை ஏமாற்றியவர்கள் ஏப்ரலில் சீட்டையும் ஏமாற்றியிருக்க வேண்டும். மே மாதப் பந்தையோ, மற்ற அணிகளின் பிரதிநிதிகள் அட்டவணையோடு அறைக்குள் உட்கார்ந்திருக்க, எர்ன்ஸ்ட் அண்ட் யங் கணக்காளர்கள் மேற்பார்வை பார்க்கும்போது.

இரண்டாவது இடத்துக்கு 14 பந்துகளையும் திரும்பக் கூண்டில் போட்டுப் புதிதாகக் குலுக்குகிறார்கள். மறுபடி டல்லாஸின் சேர்மானம் வந்தால் அது செல்லாது. அதனால் யூட்டாவின் வாய்ப்பு 1000-இல் 140 என்பதிலிருந்து 982-இல் 140 என்று கொஞ்சம் கூடுகிறது. இப்படி நான்கு இடங்கள் மட்டுமே குலுக்கலில். ஐந்திலிருந்து வெற்றி-தோல்விப் பட்டியல் வரிசை. எல்லாக் கிளைகளையும் கூட்டினால், கடைசி அணி நான்கிலும் தவறி ஐந்தாவதாக விழும் நிகழ்தகவு 47.9 சதவீதம். யூட்டா ஐந்தாவதாகப் போனதை அநீதி என்று புலம்பினார்கள். அந்த அணிக்கு நடக்கக்கூடிய முடிவுகளிலேயே அதிக வாய்ப்புள்ளது அதுதான்.

டல்லாஸ் வெல்ல 1.8 சதவீதம் என்பது சரி. ஆனால் நாம் ஆச்சரியப்படுவது டல்லாஸ் என்ற பெயருக்காகவா, யாரோ ஒரு கடைக்கோடி வாய்ப்பு வென்றதற்காகவா? 9-ஆம் இடம் முதல் 14 வரையுள்ள ஆறு அணிகளுக்கும் சேர்த்து 4.5, 3, 2, 1.5, 1, 0.5, கூட்டினால் 12.5 சதவீதம். சராசரியாக எட்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்று நடக்கும் என்ற அளவு. இந்த விகிதம் வந்த 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்களில் இரண்டு முறை நடந்திருக்கிறது: 2024-இல் 3 சதவீதத்தோடு அட்லாண்டா, 2025-இல் டல்லாஸ். ஏழில் குறைந்தது இரண்டு முறை நடக்க நிகழ்தகவு சுமார் 21 சதவீதம். அடிக்கடி நடப்பதில்லை, அதற்காகப் புருவம் உயர்த்தவும் தேவையில்லை. பழைய விகிதத்தில் இதே ஆறு அணிகளுக்கு மொத்தமே 5.4 சதவீதம்தான், அப்போதும் 2008-இல் சிகாகோவும் 2014-இல் கிளீவ்லண்டும் ஆளுக்கு 1.7 சதவீதத்தில் வென்றன.

டான்சிச் கதை ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது? எந்த அணி வென்றிருந்தாலும் ஒரு கதை பொருந்தியிருக்கும். சான் அன்டோனியோ வென்றிருந்தால் அந்த அணியின் நட்சத்திரம் வெம்பன்யாமாவுக்குத் துணை தேடிக் கொடுத்தார்கள் என்பார்கள்; சிகாகோ என்றால் குலுக்கல் நடந்த ஊரே அதுதானே என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கையைக் கைது செய்கிற வேலை இது.

மூடநம்பிக்கையில் வேடிக்கையானது இன்னொன்று. தொலைக்காட்சி மேடையில் அணிகளின் பிரதிநிதிகள் ராசியான பொருள்களோடு வந்து, அட்டை திரும்பும்போது விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நிஜக் குலுக்கல் ஒளிபரப்புக்கு முன்பே முடிந்திருக்கும். உள்ளே இருந்தவர்களின் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒளிபரப்பு முடியும்வரை வெளியே விடமாட்டார்கள். மேடையில் தடவப்படும் தாயத்து, ஏற்கெனவே விழுந்துவிட்ட பந்தைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

குறை சொல்வதானால் இயந்திரத்தை விட்டுவிட்டு அட்டவணையைச் சொல்ல வேண்டும்; லீக் கை வைக்கக்கூடியது அதில்தான். 2019-க்கு முன் கடைசி அணிக்கு 25 சதவீதம், மூன்றாவதற்கு 15.6. அதை மூன்று அணிகளுக்கும் 14 என்று சமமாக்கினால் வேண்டுமென்றே தோற்பது குறையும் என்று கணக்குப் போட்டார்கள். முதலிடத்தைப் பொறுத்தவரை அது சரிதான், கடைசி இடத்துக்குத் தனிச் சலுகை இல்லை. ஆனால் தரை மட்டம் சமமாகவில்லை. கடைசி அணி ஐந்துக்குக் கீழே போகாது, அதற்கு அடுத்தது ஆறு வரை போகலாம், மூன்றாவது ஏழு வரை. கீழே போவதுதான் அதிகம் நடக்கும் முடிவு என்றால், தோற்பதற்கான ஆசையும் அந்தத் தரை மட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2025-இல் 17 வெற்றி பெற்ற யூட்டாவுக்கு ஐந்தாவது இடம், 18 வெற்றி பெற்ற வாஷிங்டனுக்கு ஆறாவது.