புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் வீட்டுக் காரை ஓட்டினால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா?

இந்தியாவில் கார் இன்சூரன்ஸ் என்பது வண்டிக்குப் போடுவது, ஓட்டுபவருக்கு அல்ல. அதனால் வீட்டில் மகளோ மகனோ புதிதாக லைசென்ஸ் எடுத்தால் அவர்கள் பெயரைப் பாலிசியில் சேர்க்க வேண்டியதில்லை. நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் பாதிப்புக்கான 'தேர்ட் பார்ட்டி' பிரீமியத்துக்கு ஓட்டுபவரின் வயதும் அனுபவமும் கணக்கே இல்லை. என்ஜின் அளவை வைத்து மத்திய அரசு அதை நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணையில், 1,000 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. இதில் சேராது. நம் காருக்கு வரும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பிரீமியத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. அங்கேயும் காரின் மதிப்பு, வயது, பதிவான ஊர் ஆகியவைதான் முக்கியம். விண்ணப்பத்தில் ஓட்டுபவரைப் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதிவிடுங்கள்.

பிரீமியம் கட்டும்போது யாரும் பார்க்காத லைசென்ஸை க்ளெய்ம் வரும்போது எல்லோரும் பார்ப்பார்கள். சிக்கல் அங்கேதான் வருகிறது.

பாலிசித் தாளில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' (Driver's Clause, யார் ஓட்டலாம் என்ற நிபந்தனை) என்று ஒரு பத்தி இருக்கும். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் பெறத் தகுதி இழந்தவராக இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவரும் ஓட்டலாம். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 3-ஆம் விதியைக் கடைப்பிடித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் படிக்காமல் க்ளெய்மை இழப்பவர்கள் நிறைய.

எல்.எல்.ஆரில் ஓட்டும்போது

3-ஆம் விதி கேட்பது மூன்று. எல்.எல்.ஆர். காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அதன் ஆயுள் 6 மாதம். கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தக் காரில் அது முன்பக்க இடது சீட். பின்சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார் என்பது எடுபடாது. அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பைக் லைசென்ஸ் மட்டும் இருந்தாலும் எடுபடாது. மூன்றாவது, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து. அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்கள் பல இந்த அளவுக்கு வராது, ஸ்கேல் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். டெஸ்டில் பாஸான அன்றைக்கே தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது பலரும் செய்யும் தவறு. லைசென்ஸ் வழங்கப்பட்ட தேதியிலிருந்துதான் அது செல்லும். அட்டை தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பரிவாஹன் தளத்திலோ டிஜிலாக்கரிலோ லைசென்ஸ் எண் வந்துவிட்டதா, வழங்கிய தேதி என்ன, காரைக் குறிக்கும் 'எல்.எம்.வி.' என்ற வகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பைக், கார் இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பித்து, கார் டெஸ்டில் மட்டும் தவறியவர் கையிலும் ஒரு லைசென்ஸ் இருக்கும். கார் க்ளெய்முக்கு அது லைசென்ஸே இல்லை.

18 வயது ஆகாதவர் ஓட்டினால்

கார் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18. 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர வண்டிக்கான அனுமதி மட்டுமே. ஆகவே 17 வயதுப் பிள்ளை ஓட்டிய காருக்கு ஓன் டேமேஜ் பணம் கிடைக்க எந்த வழியும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க எல்லா முயற்சியும் எடுத்ததாகவோ நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. சாவியை ஹாலில் ஆணியில் மாட்டி வைத்துவிட்டு அதை நிரூபிப்பது கடினம்.

18 நிரம்பியும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், கொடுத்தவருக்கு 180-ஆம் பிரிவு, ஓட்டியவருக்கு 181-ஆம் பிரிவு. இரண்டிலும் அபராதம் 5,000 ரூபாய், 3 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

இப்படி லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டி ஒருவரை இடித்துவிட்டால், அடிபட்டவரின் கதி என்ன? 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையொட்டி, பல வழக்குகளில் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி உத்தரவாகிறது. உயிரிழப்பு வழக்குகளில் தொகை பல லட்சங்களில் இருக்கும். பிரீமியம் கட்டியும் கடைசியில் வீடு, நிலத்தை விற்று அடைக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

15 லட்சம் யாருக்கு?

கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் என்று பாலிசியில் இருப்பதைப் பார்த்து, யார் ஓட்டினாலும் அது உண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும், அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். அப்பாவின் காரை மகன் ஓட்டி அவனே அடிபட்டால் இந்த 15 லட்சத்தில் ஒரு ரூபாயும் வராது. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான கூடுதல் காப்பீடு, ஸ்டீயரிங் பிடித்தவருக்குப் பொருந்துமா என்பதிலும் இழுபறி வரும். பிள்ளையின் பெயரிலேயே தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுப்பதுதான் சுத்தமான வழி. அது எந்த வண்டியில் போனாலும் கூடவே வரும்.

புதிதாக ஓட்டுபவரால் அதிகம் அடிபடுவது பம்பரும் கதவும்தான். எல்லாவற்றுக்கும் க்ளெய்ம் போடாதீர்கள். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு என்.சி.பி. (நோ க்ளெய்ம் போனஸ்) தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஓன் டேமேஜில் ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். ஓர் எடுத்துக்காட்டு: ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம். பிளாஸ்டிக் பம்பர் மாற்ற 5,000 ஆகிறது. பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழித்தால் 2,500, 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 1,500 ரூபாய், அடுத்த ஆண்டு இழப்பது 6,000. பழைய 50 சதவீதத்துக்குத் திரும்ப ஐந்து ஆண்டு ஆகும். பிள்ளை ஓட்டப் பழகும் ஓரிரு ஆண்டுக்கு மட்டும் க்ளெய்ம் போட்டாலும் தள்ளுபடியைக் காக்கும் என்.சி.பி. பாதுகாப்பும், 'பம்பர் டு பம்பர்' எனப்படும் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடும் எடுப்பது பொருத்தமான செலவு. எத்தனை க்ளெய்ம் வரை செல்லும் என்ற வரம்பைப் பார்த்து எடுங்கள்.

பழகுபவர்கள் செய்யும் சில சேதங்களுக்கு ஃபுல் இன்சூரன்ஸும் உதவாது. மேட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டித் தட்டு எரிந்தால் அது தேய்மானக் கணக்கு. பிளாட்பாரத்தில் உரசி டயர் மட்டும் கிழிந்தால் பணம் இல்லை. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி கிடைக்கும். மிக மோசமானது என்ஜினுக்கு அடியில் ஆயில் இருக்கும் தொட்டியான ஆயில் சம்ப்: கல்லில் இடித்து ஆயில் ஒழுக, சிவப்பு விளக்கு எரிந்தும் வீடுவரை ஓட்டி வந்தால் என்ஜின் இறுகி நின்றுவிடும். சம்புக்குப் பணம் வரலாம், என்ஜினுக்கு வராது. விளக்கு எரிந்தால் இருந்த இடத்திலேயே அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளையின் பெயரிலேயே புதுக் கார் வாங்கினால் தேர்ட் பார்ட்டி பாலிசியை 3 ஆண்டுக்குச் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். என்.சி.பி. பூஜ்யத்தில் தொடங்கும். அப்பாவின் பழைய காரைப் பெயர் மாற்றிக் கொடுத்தால் 14 நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்லிப் பாலிசியையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தேர்ட் பார்ட்டி பகுதி செல்லும், ஓன் டேமேஜ் செல்லாது. அப்பாவின் என்.சி.பி. காரோடு போகாது. அவர் அதற்கான சான்றிதழ் வாங்கி வைத்தால், 3 ஆண்டுக்குள் தான் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

விபத்து நடந்துவிட்டால், ஓட்டியவர் யாரோ அவர் பெயரையே எழுதுங்கள். "அப்பா ஓட்டியதாகப் போட்டுக்கலாம்" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனைப் பதிவு, சிசிடிவி, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் கேள்விகள் என்று எங்காவது முரண்பட்டால் செல்ல வேண்டிய க்ளெய்மும் செல்லாமல் போகும், பொய் ஆவணம் கொடுத்த குற்றமும் சேரும். இத்தனைக்கும் புதிய லைசென்ஸ்காரர் ஓட்டியிருந்தால் மறைக்க எதுவுமே இல்லை: நேற்று வாங்கிய லைசென்ஸும் இருபது ஆண்டு லைசென்ஸும் டிரைவர்ஸ் கிளாஸுக்கு ஒன்றுதான்.